ஒலி மூலம்

திங்கட்கிழமை, காலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நாம் ரேடியோ என்று கூப்பிடுகிற உன் மகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஐந்து மாதமாக என் போனை நீ எடுப்பதில்லை. எடுக்காவிட்டால் போ. ஆனால் கடிதம் வந்தால் பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது. சின்ன வயதில் அடுத்த வீட்டுத் தபாலையே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவன் நீ.

உன் விலாசத்தை நீ வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியிடம் வாங்கினேன். முதலில் கொடுக்க மாட்டேன் என்றார். சட்டமன்ற உறுப்பினர் கேட்கிறேன் என்று மிடுக்காகச் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் அவனுடைய அக்கா கேட்கிறேன் என்றேன், எழுதிக் கொடுத்தார். உன் இடத்தில் லென்ஸ் பொருத்த வந்திருக்கிற ஆளுக்குக் கை நிதானம் போதவில்லையாம். கண்ணாடி வாங்கிப் போனவர்கள் தலைவலி என்று திரும்பி வருகிறார்களாம். உன்னிடம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

என் கண்ணாடியும் படுத்துகிறது. வலது பக்கம் காதில் மாட்டுகிற கம்பியின் ஸ்குரு எங்கேயோ விழுந்துவிட்டது. நூலைச் சுற்றி வைத்திருக்கிறேன். போன வாரம் சபையில் கேள்வி நேரத்தில் குனிந்து படித்தபோது கண்ணாடி ஒரு பக்கமாகக் கழன்று மூக்கில் தொங்கியது. எதிர்வரிசை முழுக்கச் சிரிப்பு. வேறு கடையில் கொடுக்க மனம் வரவில்லை. நீ செய்து கொடுத்தது அது.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. அப்பா நடுவில் சுவர் எழுப்பி ஆளுக்கு ஒரு பக்கம் என்று கொடுத்த வீட்டில் இப்போது என் பக்கத்தில் மட்டும் விளக்கு எரிகிறது. உன் பக்கத்தை வாரம் ஒருமுறை பெருக்கச் சொல்லியிருக்கிறேன். ரேடியோவின் அறையில் சத்தம் வெளியே போகாமல் இருக்க ஒட்டின பஞ்சுப் பலகைகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. ஒரு பலகையின் மூலையில் அவள் கடித்த தடம் இருக்கிறது. கழற்றச் சொல்லவா, அப்படியே விடவா? உன் வீடு, நீதான் சொல்ல வேண்டும்.

ஒலி ஆய்வாளர் வந்ததையும் சத்தத்தை அடக்க முப்பது நாள் கெடு வைத்ததையும் அந்தப் பலகைகளைக் கண்டு அவள் மிரண்டு தலையை மோதிக்கொண்டதையும் உனக்கு நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நெற்றிக் காயம் ஆறிவிட்டதா? ஆணைத் தாளை நீ என் கையில் கொடுத்த அன்றைக்கு நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். 'ஒலி மூலம்' என்ற இடத்தில் ஆய்வாளர் 'மகள், வயது 24' என்று எழுதியிருந்தார். இயந்திரத்தையோ ஒலிபெருக்கியையோ எழுத வேண்டிய இடம் அது. நீ அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாய். நான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்குச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொன்னேன். மறுநாள் அது கட்டம் கட்டி வந்தது. நூறு பேராவது போன் செய்து பாராட்டியிருப்பார்கள். நீங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோதும் ஒரு பாராட்டுப் போன்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒன்றை நீ ஒத்துக்கொள்ள வேண்டும். குடியிருப்பு ஒலிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நான் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவரவில்லை. இரவு வேலைக்குப் போகிற நர்ஸ் ஒருத்தி என் அலுவலகத்துக்கு வந்து அழுதது உனக்கு நினைவிருக்கும். கீழ் வீட்டில் இரும்பு அறுக்கிறார்கள், பகலில் நான்கு மாதமாகக் கண் மூடவில்லை, நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் மருந்தை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன் என்று சொன்னாள். வசதி உள்ளவன் வீட்டைச் சுற்றித் தோட்டம் வைத்து அமைதியை வாங்கிக்கொள்கிறான். ஒட்டுச் சுவர்க்காரனுக்குச் சட்டத்தை விட்டால் என்ன இருக்கிறது? இன்றைக்கு அந்த நர்ஸ் தூங்குகிறாள். இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

புகார் கொடுத்தது யார் என்று நீ என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டாலும் பயனில்லை. புகார் தருபவர் பெயரை வெளியிடக் கூடாது என்பது ஒன்பதாம் பிரிவு. ஆனால் ஒன்று யோசித்துப் பார். ரேடியோவின் சன்னலைத் திறந்தால் நேர் எதிரே டியூஷன் வாத்தியாரின் மாடி. சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற இடம். நான் யாரையும் குறை சொல்லவில்லை. மனதில் பட்டதை எழுதினேன்.

சட்டம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. மறுபரிசீலனைக் குழு போட்டிருக்கிறார்கள், நானும் அதில் இருக்கிறேன். நான்காம் பிரிவில் ஒலி மூலங்களின் பட்டியலில் 'குரல்' என்று இருப்பதை எடுக்க வேண்டும் என்று சில பெற்றோர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் நம் ரேடியோவைப் போலத்தான். நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

உன் புது விலாசத்தில் ரயில்வே லைன் ஓரம் என்று போட்டிருக்கிறது. ரயில் போகிற இடத்தில் யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள் என்று பார்த்துத்தான் அந்த வீட்டைப் பிடித்தாயா? பதில் எழுது. நான்கு வரி போதும்.

மூன்று பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் அக்கா

*

வியாழக்கிழமை, மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரம் கழித்து உன் உறை வந்தது. பிரித்துக் கவிழ்த்தேன், ஒன்றுமே விழவில்லை. வெறும் உறையை அனுப்பித் திட்டுகிறானோ என்று நினைத்தேன். பிறகு மூலையில் மடித்து ஒட்டின துண்டுக் காகிதம் கையில் தட்டுப்பட்டது. அதற்குள் ஸ்குரு. ஒன்று தொலைந்தால் இருக்கட்டும் என்று இரண்டாகப் போட்டிருக்கிறாய். காகிதத்தில் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு எழுத்து இல்லை. சரி. கண்ணாடி இப்போது நிமிர்ந்து நிற்கிறது, அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உன்னிடம் ஒரு விஷயத்துக்கு வருத்தம் சொல்ல வேண்டும். மசோதா விவாதத்தில் நான் அடித்த ஜோக்கைத்தான் சொல்கிறேன். எதிர்வரிசை உறுப்பினர் ஒருவர் எழுந்து, குழந்தை அழுதால் கூடவா நோட்டீஸ் அனுப்புவீர்கள் என்று கேட்டார். பன்னிரண்டு வயது வரை விலக்கு உண்டு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். மைக் அக்கா என்று நீ கேலி செய்வது சரிதான், எனக்குத்தான் மைக்கைக் கையில் கொடுத்தால் வாய் நிற்காதே. "குழந்தைதானே, வளர்ந்தால் சத்தம் தானாக அடங்கிவிடும், நம் உறுப்பினருக்குத்தான் இன்னும் அடங்கவில்லை" என்றேன். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள், சபாநாயகரும் சிரித்தார். வீட்டுக்கு வந்தபோது நீ வாசலில் நின்றிருந்தாய். டிவியில பார்த்தேன்க்கா, நல்லாப் பேசின என்று சொன்னாய். உன் முகம் எப்படி இருந்தது என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. இப்போது அடிக்கடி பார்க்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

வளராத குழந்தை ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது எனக்குத் தெரியாதா? பட்டியலில் 'குரல்' என்ற சொல்லை வரைவு எழுதினவர்கள் போடவில்லை. குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களை எப்படிப் பிடிப்பது என்று பேச்சு வந்தபோது என் பேனாவால் நான்தான் சேர்த்தேன். அந்த நேரத்தில் குடிகாரர்களைத்தான் நினைத்தேன் என்று இதுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று டியூஷன் வாத்தியார் வந்தார். அலுவலகத்துக்கு வந்து வரிசையில் நின்று, மனுக்காரர்களோடு மனுக்காரராக என் முன்னால் வந்து உட்கார்ந்தார். தெருவில் எல்லாரும் அவர்தான் புகார் கொடுத்தார் என்று பேசுகிறார்களாம். மருந்துக் கடைக்காரர் முகம் கொடுப்பதில்லையாம். டியூஷனிலிருந்து இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்களாம். பேச்சை நிறுத்த நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டார். பெயரைப் பற்றிப் பேச எனக்கே அதிகாரம் இல்லை என்று ஒன்பதாம் பிரிவை எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

போகிறபோது ஒன்று சொன்னார். "அந்தப் பொண்ணு சத்தம் எங்களுக்குப் பழகிப்போச்சு மேடம். நீங்க ஊர்ல இல்லாத நாள்ல அவ வாயே திறக்க மாட்டா. அன்னைக்கெல்லாம் பசங்களே கேப்பாங்க, என்ன சார் இன்னைக்கு மேடம் வரலையான்னு."

எனக்குப் புரியவில்லை. நான் வருவதற்கும் அவள் கத்துவதற்கும் என்ன சம்பந்தம்? வாத்தியார் எதையோ எதோடோ முடிச்சுப் போடுகிறார் என்று நினைத்தேன். இருந்தாலும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஸ்குருவுக்கு நன்றி என்று எழுத வாய் கூசுகிறது. நீ எதுவும் எழுதாததையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா

*

ஞாயிற்றுக்கிழமை

தம்பி,

இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி. உன் வீட்டுக்காரியையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

புகார் கொடுத்தது நான்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு கடிதம் ஆகியிருக்கிறது. முதல் கடிதத்தில் வாத்தியார் பக்கம் கையைக் காட்டினேன். இரண்டாவதில் ஜோக்குக்கு வருத்தப்பட்டேன். சின்னதைச் சொல்லிப் பெரியதை மறைக்கிற வித்தை அரசியலில் கற்றது. அதை உன்னிடமே காட்டியிருக்கிறேன் பார்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சாக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. என் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்த பிறகு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்து பதினோரு வருஷம். பகல் முழுக்க மனு, கூட்டம், கோஷம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டுவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்துவிடும். "ஏஏ... ஏஏ..." என்று இழுத்துக்கொண்டு, நடுவில் சுவரில் கையால் ஒரு தட்டு. பத்து நிமிஷம், சில நாள் அரை மணி நேரம். காதைப் பொத்திக்கொண்டு சமையலறையில் போய் நின்றிருக்கிறேன்.

உன்னிடம் வாய் விட்டுக் கேட்டிருக்கலாம். ஒரு தடவை சுற்றிவளைத்துக் கேட்டேன், உனக்குத் தெரிந்திருக்காது. சன்னலையாவது கொஞ்சம் சாத்தக் கூடாதா என்று உன் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் சரி அண்ணி என்றாள். அந்தக் கோடை முழுக்க அந்தச் சன்னல் திறக்கவே இல்லை. ரேடியோவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. சன்னலைத் திற என்று உன் வீட்டுக்காரியிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, அதற்கப்புறம் இன்னொரு தடவை கேட்கவும் முகம் இல்லை. அக்கம்பக்கத்தார் நேருக்கு நேர் சண்டை போடாமல் இருக்கத்தான் இந்தச் சட்டம் என்று சபையில் பேசினேன். உன் முகத்தைப் பார்க்காமல் இருக்க அதை நானே எடுத்துக்கொண்டேன்.

புகார்ப் படிவங்கள் என் அலுவலகத்திலேயே கட்டுக் கட்டாகக் கிடந்தன, மக்களுக்குக் கொடுக்க. ஒன்றை உருவிக்கொண்டு வந்தேன். பதினான்கு நாள் குறிப்பு எழுத வேண்டும்: தேதி, நேரம், ஓசையின் தன்மை, எத்தனை நிமிஷம். கருத்தாக எழுதினேன். தன்மை என்ற இடத்தில் 'பொருளற்ற நீண்ட கத்தல்' என்று போட்டேன். கையெழுத்து தெரியாமல் இருக்கத் தட்டச்சு செய்து, பெயரைத் தனி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். யாரோ ஓர் ஆய்வாளர் வருவார், பலகை ஒட்டுவார்கள், நான் கேட்காமலே காரியம் முடிந்துவிடும், தம்பிக்கும் என் மேல் வருத்தம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். அவள் பலகையைக் கண்டு பயப்படுவாள் என்று நினைக்கவில்லை. நீ வீட்டையே விட்டுப் போவாய் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

வாத்தியார் சொன்னதைச் சரிபார்க்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? வெள்ளிக்கிழமை அந்தக் குறிப்பின் நகலையும் டிரைவரின் வண்டிப் புத்தகத்தையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். வண்டி வீடு சேர்ந்த நேரத்தை அவர் நாள் தவறாமல் எழுதுவார். முதல் நாள் வண்டி வந்தது 6.10. என் குறிப்பில் கத்தல் ஆரம்பித்தது 6.12. இரண்டாம் நாள் 7.05, 7.06. மூன்றாம் நாள் கூட்டம் சீக்கிரம் முடிந்து மத்தியானமே வந்துவிட்டேன், 2.40. கத்தல் 2.41. நான்கு நாள் வெளியூர் போயிருந்தேன், அந்த நான்கும் காலி. நான் இல்லாததால் எழுதவில்லை, அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்கு அடுத்த வரி ஒன்று இருந்தது. ஒரு நாள் வண்டி பழுதாகிக் கடைத்தெருவில் நின்றுவிட்டது, நடந்தே வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன். என் குறிப்பில் 'இன்று ஓசை இல்லை' என்று நானே எழுதியிருக்கிறேன்.

உடனே எழுந்து வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவள் என்ன சொல்லிக் கத்துவாள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"உங்களைத்தான் மேடம் கூப்பிடுவா. கார் கதவு சத்தம் கேட்டதும் அத்தே, அத்தேன்னு. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் மாடிக்குச் சன்னல் வழியாக முழுச் சொல்லும் வந்திருக்கிறது. எனக்குச் சுவர் வழியாக வந்தது. முன்னால் இருந்த எழுத்துகளைச் சுவர் விழுங்கிவிட்டு 'ஏ'யை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறது. பதினோரு வருஷமாக அந்தப் பிள்ளை என்னை அத்தே என்று கூப்பிட்டிருக்கிறாள், நான் அதைப் பொருளற்றது என்று டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

தெரியாது என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. உன் வீட்டுக்காரி ஒரு தடவை வாசலில் என்னை நிறுத்தி, உங்க வண்டி சத்தம் கேட்டாப் போதும் அண்ணி, இவளைப் பிடிக்க முடியல என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் போனில் யாரிடமோ பேசிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன். புகார் சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வாத்தியார் முதல் நாள் சொன்னதில் பாதியைத்தான் உனக்கு எழுதினேன். மறைத்த பாதி இது. நீ ஊரைவிட்டுப் போகிற அன்று அவர் வீட்டுப் படியேறி, "சார், நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும், மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாயாம். பிறகு யார் என்று அவர் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லையாம்.

குறிப்பின் நகல் ஒன்று ஆணையோடு சேர்த்து உனக்கும் வந்திருக்கிறது. அந்த நேரங்களைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். என் வண்டி எப்போது வரும் என்று உன் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ரேடியோதான் சொல்லிவிடுவாளே. நீ ஆணையை என்னிடம் நீட்டி அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றது சட்டத்தைக் காட்ட இல்லை. நான் வாயைத் திறக்கிறேனா என்று பார்க்க நின்றாய். எவ்வளவு நேரம் நின்றாய் தம்பி! நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னுடைய ஒன்பதாம் பிரிவை ஒழுங்காகக் காப்பாற்றியவன் இந்த ஊரிலேயே நீ ஒருவன்தான்.

அப்புறமும் எனக்கு ஸ்குரு அனுப்பினாய். இரண்டு.

புதன்கிழமை திருத்தம் சபைக்கு வருகிறது. பட்டியலிலிருந்து 'குரல்' என்ற சொல்லை எடுக்க நானே முன்மொழிகிறேன். சட்டம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றம் இல்லை. இரும்பு அறுக்கிறவன் நிறுத்தத்தான் வேண்டும், ஒலிபெருக்கி வைக்கிறவன் இறக்கத்தான் வேண்டும். ஆனால் மனிதர் வாயிலிருந்து வருவதை அளவு பார்க்கிற கருவியிடம் கொடுக்கக் கூடாது. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. காது இருந்த எனக்கே தெரியவில்லை.

பேச்சின் முடிவில், என் தம்பி வீட்டுக்கு வந்த ஆணைக்குக் காரணமான புகாரைக் கொடுத்தது நான்தான் என்று சொல்லப் போகிறேன். நேற்றுக் கொறடாவிடம் சொன்னேன். அவர் பதறிப்போய்விட்டார். திருத்தம் எப்படியும் நிறைவேறும், எல்லாக் கட்சியும் ஒத்துக்கொண்டாயிற்று, பெயரைச் சொல்லி நீங்களே ஏன் குழி தோண்டிக்கொள்கிறீர்கள், அடுத்த தேர்தலில் உங்களை நிறுத்த முடியாது என்றார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் நான் சொல்லாவிட்டால் அந்தப் பழி வாத்தியார் தலையிலேயே கிடக்கும். அவருடைய டியூஷன் பிள்ளைகள் நம் ரேடியோவின் சத்தத்துக்கு நடுவில் படித்தே பாஸ் ஆனவர்கள். சபையில் சொல்வதற்கு முன்னால் நீ என் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று உறுதி சொன்னார்கள்.

பஞ்சுப் பலகைகளை இன்று காலை நானே கழற்றினேன். நகம் இரண்டு பெயர்ந்துவிட்டது, பசை அப்படி. அவள் தட்டுகிற இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து உள்ளங்கை அளவுக்கு வழவழப்பாக இருக்கிறது. அதன் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். அதற்கு நேர் இந்தப் பக்கம்தான் நான் பையை மாட்டுகிற ஆணி.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் சுபாவம் அது. திரும்பி வாருங்கள் என்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்திருப்பேன், அது உங்கள் வீடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை நான் அங்கே வருகிறேன். வண்டியை உன் வீட்டு வாசலில் நிறுத்தி, எப்போதும் போல் கதவை அறைந்து சாத்துவேன். நீ கதவைத் திறக்க வேண்டாம். வெளியே வரவும் வேண்டாம். உன் வீட்டுக்காரிக்கு என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் அதுவும் சரி. ரயில் எதுவும் போகாத நேரமாகப் பார்த்து, அவளுடைய சன்னலை மட்டும் திறந்து வை.

அவள் கூப்பிடுவாளோ மாட்டாளோ, எனக்குத் தெரியாது. என் வண்டிச் சத்தம் அவளுக்கு மறந்திருந்தால் நான் திரும்பிப் போய்விடுகிறேன். கூப்பிட்டால் தெருவில் நின்றபடியே பதில் சொல்ல என்னை விடு. அத்தை வந்துட்டேன்டி என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகிறேன். இத்தனை வருஷத்தில் நான் அவளுக்கு ஒரு தடவை கூடப் பதில் சொன்னதில்லை தம்பி.

அவள் தொண்டை நன்றாக இருக்கட்டும்.

மைக் அக்கா